கண்மாயில் பழகிய கண்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். திருமங்கலம் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். எம்.பி.எட். படித்தவன். மாலையில் பையன்களுக்குக் கிரிக்கெட் சொல்லித் தருகிறேன். வேகப்பந்துதான் எனக்குக் கைவந்தது. துபாயில் ஒரு அகாடமியில் வேலைக்கு அழைத்திருக்கிறார்கள். காணொளி நேர்காணலில் அவர்கள் முதலில் கேட்டது, பந்துவீச்சைப் படம்பிடித்து அலசும் ஏ.ஐ. செயலிகளைக் கையாளத் தெரியுமா என்பதுதான். கிரிக்கெட்டைப் பற்றிய கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது.

சரி, தெரிந்துகொள்வோம் என்று ஒரு செயலியைக் கைபேசியில் இறக்கிப் பார்த்தேன். பையன் பந்து வீசுவதைப் படம் எடுத்துக் கொடுத்தால் மூட்டுக்கு மூட்டு புள்ளி வைத்துக் கோடு இழுக்கிறது. ஒரு பையனுக்கு, முன்காலை ஊன்றும்போது முழங்கால் மடிகிறது, தொடைத் தசைக்கு இன்னின்ன பயிற்சி கொடு என்றது. மடிவது எனக்கும் தெரியும். ஏன் மடிகிறது என்பதும் தெரியும். அவன் போட்டிருப்பது அவனுடைய அண்ணனின் ஷூ, ஒரு அளவு பெரியது. முன்பக்கம் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்திருக்கிறான். ஊன்றும்போது பாதம் உள்ளே வழுக்குகிறது. பயந்துபோய் முழங்காலை மடக்குகிறான். வேறு ஷூவை மாட்டி வீசச் சொன்னேன். அன்றைக்கே பாதி சரியாகிவிட்டது.

இதைச் சொன்னால் என் மனைவி, “இன்றைக்குச் செயலிக்கு ஷூ தெரியவில்லை, அடுத்த வருஷம் தெரிந்துவிடும். கடன் வாங்கிப் போய்விட்டு இரண்டு வருஷத்தில் திரும்பி வந்தால் என்ன செய்வது?” என்கிறாள். போகலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருமங்கலம்

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் மனைவி கேட்பது நியாயமான கேள்வி. “இயந்திரத்துக்கு அன்பு கிடையாது, ஆகவே பயிற்சியாளர் வேலைக்கு ஆபத்தில்லை” என்று மேடைக்கு மேடை ஆறுதல் சொல்கிறார்கள். அன்பு என்றால் என்னவென்றே தெரியாத எத்தனையோ பேர் ஓய்வு பெறும்வரை விசிலும் கையுமாக நிம்மதியாகச் சம்பளம் வாங்கியதை நாம் பார்த்திருக்கிறோம். அந்த வாதத்தை நம்பி விமானம் ஏறாதீர்கள்.

வெறுமனே பார்ப்பது என்றால், அதில் இயந்திரம் நம்மை எப்போதோ வென்றுவிட்டது. அதற்காக வருத்தப்படவும் வேண்டாம். 1995-இல் மெல்போர்னில் நடந்த பாக்ஸிங் டே டெஸ்டில் நடுவர் டாரல் ஹேர், இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரனின் பந்துகளை ஏழு முறை நோ-பால் என்று அறிவித்தார். விதிப்படி வீசாமல், மடக்கிய முழங்கையை நிமிர்த்தி எறிகிறார் என்பது குற்றச்சாட்டு. அது பிறவியிலேயே முழுதாக நீட்ட முடியாத முழங்கை என்பதால்தான் பார்ப்பவர் கண்ணுக்கு எறிவது போலத் தோன்றுகிறது என்பதை ஆய்வுக்கூடத்தில் கேமராக்களை வைத்து அளந்துதான் நிறுவ வேண்டியிருந்தது. பந்து வீசும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது என்ற விதி 2005-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தக் கோணத்தை எந்த நடுவரும் நின்ற இடத்திலிருந்து கணக்கிட முடியாது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திராவில் உள்ள சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் (ஐ.சி.சி.) அங்கீகாரம் பெற்ற மையம் போன்ற இடங்களில்தான் அளக்கிறார்கள். அன்றைக்குக் கேமரா பந்துவீச்சாளரின் பக்கம் நின்றது, தம்பி. அதை எதிரியாக நினைத்துக்கொண்டு நீங்கள் துபாய் போக வேண்டியதில்லை.

பார்ப்பது மட்டுமே வேலையாக இருந்தவர்களின் கதை வேறு. விம்பிள்டன் டென்னிஸில் 2025 முதல் கோட்டு நடுவர்களே இல்லை. (அந்த ஆண்டே ஓர் ஆட்டத்தின் நடுவில் மைதானத்தின் ஒரு பகுதிக்கான கருவியை யாரோ தவறுதலாக அணைத்துவிட்டார்கள். பந்து வெளியே விழுந்தும் கருவி வாய் திறக்கவில்லை.) உங்கள் வேலையிலும் அந்த மாதிரிப் பகுதி உண்டு: வேகம் அளப்பது, பந்து எங்கே குத்தியது என்று குறிப்பது, எத்தனை பந்து வீசினான் என்று எண்ணுவது, “கையை உயர்த்து” என்று மாலை முழுக்கக் கத்துவது. இவற்றுக்கு இனி யாரும் சம்பளம் தரமாட்டார்கள். பந்து எண்ணிக்கையைக் கேமராவிடம் விடுவது நல்லதும்கூட. வளரும் வயதில் அளவுக்கு மீறி வீசியே முதுகெலும்பில் விரிசல் கண்ட வேகப்பந்துப் பையன்கள் எத்தனையோ பேர். அதற்காகவே இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் வயதுக்குத் தக்க ஓவர் வரம்பு வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அதை யார் எண்ணுகிறார்கள்?

சதுரங்கத்தைப் பாருங்கள். 1997-இல் டீப் புளூ என்ற கணினி உலக சாம்பியன் காஸ்பரோவை வென்றது. இன்று இலவசமாகக் கிடைக்கும் ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க மென்பொருளை உலக சாம்பியனாலும் வெல்ல முடியாது. நியாயப்படி சதுரங்கப் பயிற்சியாளர்கள் எல்லாரும் கடையை மூடியிருக்க வேண்டும். ஆனால் சென்னையில் உட்கார்ந்தபடியே வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். 2024-இல் சிங்கப்பூரில் உலகப் பட்டம் வென்ற குகேஷை, ஆரம்ப ஆண்டுகளில் கணினி எஞ்சினைத் தொடவிடாமலேயே வளர்த்தார் அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா. எது சிறந்த நகர்வு என்று எஞ்சின் சொல்லும். எட்டு வயதுப் பிள்ளையிடம் எந்தத் தவறை இன்று திருத்துவது, எதைக் கண்டும் காணாமல் அடுத்த ஆண்டுக்கு விடுவது என்பது வேறு கணக்கு.

இதோடு நிறுத்தினால் நீங்கள் தைரியமாகப் பெட்டி கட்டிவிடுவீர்கள். எனக்கு உறுத்துவது அந்த ஷூ.

அது அண்ணனின் ஷூ என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? அந்த வீட்டை உங்களுக்குத் தெரியும். ஒருவேளை நீங்களும் சின்ன வயதில் செய்தித்தாள் திணித்து ஓடியவராக இருக்கலாம். உங்களிடம் வரும் பையன்கள் பலர் வற்றிய கண்மாயில் டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகியவர்கள். வெடித்த கரம்பையில் பந்து எப்படி எழும்பும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் அவர்கள் குத்தி எழுப்பவே மாட்டார்கள், காலடியில்தான் போடுவார்கள். பின்னால் சீமைக் கருவேல முள், அதனால் ரன்-அப் குறுகிவிடும். ஒரு பையன் நாலே எட்டில் வந்து வீசினால் செயலி அதைக் குறையாகக் காட்டும். நீங்கள் எந்தக் கண்மாய் என்று கேட்பீர்கள். இதை ‘மனித உணர்வு’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது. இது திருமங்கலம் தாலுகா ஞானம். இதில் பாதி கப்பலூர் சுங்கச்சாவடியைத் தாண்டாது.

துபாயில் கோடை முழுக்கக் குளிரூட்டிய உள்ளரங்கில் செயற்கை விரிப்பின் மேல்தான் பெரும்பாலும் பயிற்சி நடக்கும். பந்து சொன்னபடி எழும்பும். ஷூ பையனின் அளவுக்குக் கச்சிதமாக இருக்கும். அப்போதும் ஒருவனுக்கு முழங்கால் மடியும். ஏன்? ஒரே ஆண்டில் கிடுகிடுவென்று வளர்ந்து தன் காலே தனக்குப் பிடிபடாமல் இருக்கலாம். இரண்டு டியூஷனை முடித்துவிட்டு வெறும் வயிற்றோடு வந்திருக்கலாம். வலைக்குப் பின்னால் அப்பா கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம். மூன்று இடங்களில் ஆடிக்கொண்டிருக்கலாம். மூன்று இடத்துப் பந்துகளையும் யாரும் கூட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். உங்களுக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. முதல் பருவத்தில் நீங்களும் அந்தச் செயலியும் ஒரே நிலைதான். செயலி கொஞ்சம் முன்னால்கூட இருக்கும். கண்ணை அங்கே முதலிலிருந்து பழக்க வேண்டும். கோணத்தையும் எண்ணிக்கையையும் செயலியிடம் ஒப்படைத்துவிட்டு, மிச்சமாகும் நேரத்தில் பையனோடும் பெற்றோரோடும் பேசுங்கள். அதற்கு மலையாளமும் உருதுவும் கொஞ்சமாவது காதில் விழுந்து புரிய வேண்டும். அங்குள்ள பிள்ளைகளைப் பொழுதுபோக்குக்கு வருபவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சென்னையில் பிறந்த கார்த்திக் மெய்யப்பன்தான் 2022 டி20 உலகக் கோப்பையில் ஐக்கிய அரபு அமீரகத்துக்காக இலங்கைக்கு எதிராக ஹாட்ரிக், அதாவது அடுத்தடுத்த மூன்று பந்துகளில் மூன்று விக்கெட், எடுத்தார்.

பேச நேரம் மிச்சமாகுமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். செயலியை வாங்கிய நிர்வாகம், பத்துப் பிள்ளைகளைப் பார்க்கிறவரிடம் நாற்பது பேரைக் கொடுக்கலாம் என்று கணக்குப் போடும். வேலை போகாது, போன் ஸ்டாண்டைப் பிடித்து நிற்கும் வேலையாகக் குறுகிப்போகும். ஆகவே சம்பளத்துக்கு முன்னால் இதைக் கேளுங்கள்: ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பிள்ளைகள்? திரை ஒன்று சொல்லி நான் வேறொன்று சொன்னால் யார் பேச்சு நடக்கும்? என் பேச்சு நடக்காத இடத்தில் ஒரு பையனுக்கு முதுகு போனால் யார் பதில் சொல்வது? ஆஸ்திரேலியாவில் பிள்ளைகளோடு வேலை செய்யத் தனி அனுமதி வாங்க வேண்டும். சிங்கப்பூரில் பயிற்சியாளர்களுக்கென்றே தேசியப் பதிவேடு இருக்கிறது. அங்கெல்லாம் ஒரு மனிதரின் பெயரைத்தான் எழுதி வாங்குகிறார்கள். உங்கள் பெயரையும் யாரோ எழுதி வாங்கத்தான் போகிறார்கள். முடிவெடுக்கும் உரிமை இல்லாத பொறுப்புக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இதற்கெல்லாம் சரியான பதில் வந்தால் போகலாம் என்பதே என் கருத்து. ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் கவனிக்காமல் கடந்துபோன ஒரு சொல் இருக்கிறது: கடன். எதற்குக் கடன்? ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி ஆள்சேர்ப்புச் செலவை வேலை கொடுப்பவர்தான் ஏற்க வேண்டும். தொழிலாளியிடம் வாங்கக் கூடாது. நம் நாட்டில் பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கும் 30,000 ரூபாய்தான் உச்சவரம்பு, வரி தனி. சான்றிதழ்களுக்கு அரசு முத்திரை வாங்கக் கொஞ்சம் செலவாகும், அவ்வளவுதான். அதற்கு மேல் யாராவது லட்சக்கணக்கில் கேட்டாலோ, “விசிட் விசாவில் வாருங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்” என்று சொன்னாலோ, உங்கள் இரண்டு வருஷத்தைத் தின்னப்போவது ஏ.ஐ. அல்ல, அந்த ஆள்தான். இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற முகவர்களின் பட்டியல் இருக்கிறது. அவர் பெயர் அதில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பணி ஒப்பந்தம் கையில் வரும்வரை பள்ளியில் ராஜினாமாக் கடிதம் கொடுக்க வேண்டாம்.