கடலைக் காட்டாதீர்கள்

கேள்வி: எட்டு வயதுச் சிறுமி ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைக் கப்பலாக்கி விளையாடுகிறாள். இதுதான் என் குறும்படம். கடலை கிராஃபிக்ஸில் கொண்டுவர 2 லட்சம் கேட்கிறார்கள். காட்டாவிட்டால் பார்ப்பவர்களுக்குப் புரியுமா?

பதில்: காட்டினால்தான் கெடும். திரையில் வருவது கிராஃபிக்ஸ்காரரின் கடல், அவளுடையது அல்ல. பிரெஞ்சு இயக்குநர் ஆல்பர் லமோரிஸ் 1956இல் எடுத்த ‘சிவப்பு பலூன்’ 34 நிமிடப் படம். பாரிஸின் மெனில்மொந்தான் தெருக்களில் ஒரு பலூன் சிறுவனோடு கூடவே வருகிறது. பலூனோடு ஏறக்கூடாது என்று பேருந்து நடத்துநர் தடுக்கிறார். அந்த ஒரு மறுப்பிலேயே பலூனுக்கு உயிர் வந்துவிடுகிறது. வசனம் மிகச் சொற்பம்; ஆனாலும் அசல் திரைக்கதைக்கான ஆஸ்கர் அந்தப் படத்துக்குக் கிடைத்தது.

உங்கள் படத்துக்கும் ஒரு விதி வேண்டும்: பெட்டிக்கு வெளியே தரை முழுக்கத் தண்ணீர். கடைசிவரை அதை மீறாதீர்கள். அம்மா காபி டம்ளரோடு குறுக்கே வரும்போது “அம்மா, முங்கிப்போயிடுவ!” என்று அவள் அலறட்டும். அம்மா புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தால் கடல் வந்துவிட்டது. சிறுமியிடம் மட்டும் “கற்பனை பண்ணு” என்று சொல்லிவிடாதீர்கள், விட்டத்தைப் பார்த்து விழிப்பாள். சொம்பால் தண்ணீர் இறைக்க, கயிறு சுருட்ட என்று வேலை கொடுங்கள்.

பெட்டிக்குள் உட்கார்ந்தால் அவள் கண் தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டடி. கேமராவும் அங்கேதான் இருக்க வேண்டும். ட்ரைபாட் அவ்வளவு இறங்காவிட்டால் மணல் மூட்டைமேல் வையுங்கள். நின்றபடி எடுத்தால் பெட்டி பெட்டியாகவே தெரியும். நாலைந்து டேக்கில் அட்டை துவண்டுவிடும் என்பதால் ஒரே மாடல் பெட்டி மூன்று வேண்டும். உள்ளே ப்ளைவுட் பலகை, அடியில் பாதிக் காற்றடித்த கார் டியூப். கப்பல் அசைந்தாட அது போதும்.

மிச்சமாகும் பணத்தை ஒலிக்குக் கொடுங்கள். அவள் பெட்டிக்குள் கால் வைத்ததும் மின்விசிறி இரைச்சல் அடங்கி, அட்டை முனகுவது முன்னுக்கு வரட்டும். இதற்குப் படப்பிடிப்பின்போது மின்விசிறி நின்றிருக்க வேண்டும். அதன் ஓசையைத் தனியே பதிந்து பிறகு சேருங்கள். வசனத்தோடு சேர்ந்து பதிவாகிவிட்டால் வசனம் கெடாமல் அதை மட்டும் குறைப்பது கடினம். இணையத்தில் கிடைக்கும் அலையோசையும் வேண்டாம், அதுவும் கிராஃபிக்ஸ்தான்.

14 வயதுக்குட்பட்ட குழந்தையை நடிக்கவைக்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை. நாளுக்கு 5 மணி நேரம், ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரம் என்பதுதான் உச்சவரம்பு. ஊதியத்தில் குறைந்தது 20 சதவீதம் அவள் பெயரில் வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். நேரம் குறைவு என்பதால் அம்மா வரும் காட்சியைக் காலையில் முதலிலேயே எடுத்துவிடுங்கள். களைத்த பிறகு அலறச் சொன்னால் தொண்டைதான் அலறும்.