அஸ்ஸாம் வரை ரயிலில் போகலாமா?

வாசகர் கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்பவர் காவேரிப்பட்டணத்தைச் சேர்ந்த முன்னாள் ராணுவ வீரர். 22 ஆண்டு சர்வீஸில் எட்டு ஆண்டு அஸ்ஸாமில் இருந்தவர்.

மகன் திப்ருகர் பக்கம் ராணுவத்தில் இருக்கிறான். பேரன் பிறந்து ஐந்து மாதம் ஆகிறது, இன்னும் பார்க்கவில்லை. எனக்கு 58, வீட்டுக்காரருக்கு 64. சேலத்தைத் தாண்டி ரயிலில் போனதே இல்லை. மூன்று நாள் ரயில் உங்களுக்கு ஆகாது என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். போகலாமா ஐயா?
*– ஒரு வாசகி, பாலக்கோடு*

போங்கம்மா, தாராளமாகப் போங்கள். 2014-ல் என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அப்போது அவங்களுக்கு 66 வயது. வண்டி ஏறும் வரை என் கையை விடவில்லை. திரும்பி வந்ததும் தெருத் திண்ணையில் ஒரு மாதம் அந்தக் கதைதான்.

நீங்கள் ஏற வேண்டியது கன்னியாகுமரி – திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸ். சுவாமி விவேகானந்தரின் 150-வது பிறந்த ஆண்டை ஒட்டி 2011 நவம்பரில் விட்ட வண்டி. நம் நாட்டில் இதைவிட அதிக தூரம் ஓடும் ரயில் கிடையாது. ஏறக்குறைய 4,190 கிலோமீட்டர், ஒன்பது மாநிலம், முழுசாகப் போனால் 75 மணி நேரத்துக்குப் பக்கம். கேரளாவைச் சுற்றிக்கொண்டு கோவை, ஈரோடு வழியாகச் சேலம் வருவதால், சேலத்தில் ஏறும் நமக்கு அதில் அரை நாளுக்கு மேல் மிச்சம். நான் 1999-ல் முதல் போஸ்டிங் போனபோது இந்த வசதி இல்லை. ஜோலார்பேட்டையில் ஏறி சென்னை, அங்கே கோரமண்டல் பிடித்து ஹவுரா, ஹவுராவில் இறங்கி காம்ரூப் எக்ஸ்பிரஸ். டிரங்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பாஷை தெரியாமல் பிளாட்பாரம் தேடினேன். உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. சேலத்தில் உட்கார்ந்தால் மகன் வந்து நிற்கிற ஸ்டேஷனில் இறங்கலாம்.

டிக்கெட்டை 60 நாளுக்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள். நீங்கள் இரண்டு பேர் மட்டும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும். 60 தாண்டிய ஆணும் 45 தாண்டிய பெண்ணும் தனியாகவோ இரண்டு பேராகவோ போனால் கீழ் பெர்த்துக்கு ஒதுக்கீடு உண்டு. துணைக்கு யாரையாவது அதே டிக்கெட்டில் சேர்த்தால் அது போய்விடும். காசு கொஞ்சம் கூடினாலும் தேர்டு ஏசியே எடுங்கள். போர்வை, தலையணை கொடுத்துவிடுவார்கள். ஏப்ரலில் பிஹு, அக்டோபர் பக்கம் துர்கா பூஜை வரும்போது ஊருக்குப் போகிற கூட்டத்தில் ஸ்லீப்பர் பெட்டியில் பாத்ரூம் போகக்கூட வழி இருக்காது. அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். அஸ்ஸாமுக்குத் தனி அனுமதி எதுவும் வேண்டாம், அசல் ஆதார் கையில் இருந்தால் போதும்.

சாப்பாடு. பொடி தடவிய இட்லி முதல் நாளோடு சரி. புளிச்சோறு இரண்டாம் நாள் மத்தியானம் வரை தாங்கும், நல்லெண்ணெய் தாராளமாக விட்டிருந்தால். அப்புறம் சப்பாத்தி, தக்காளித் தொக்கு, எள்ளுருண்டை. இதில் ஒரு வேளைக்கானதை எப்போதும் தொடாமல் வையுங்கள். ஏன் சொல்கிறேன் என்றால், 2016 ஜனவரியில் வங்காளத்தைத் தாண்டும்போது பனிமூட்டத்தில் வண்டி ஒன்பது மணி நேரம் லேட். என்னிடம் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. எதிர் சீட்டில் ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கும் அஸ்ஸாம் பையன் ஒருவன். மடியில் அட்டைப்பெட்டியோடு ஒரு பிரஷர் குக்கர், ஊரில் இருக்கும் அம்மாவுக்கு. வழி முழுக்க அதைச் சீட்டுக்கு அடியில் தள்ளவே இல்லை, தூங்கும்போதும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டான். ராத்திரி அந்தப் பெட்டியைத் திறந்தான். குக்கருக்குள் துணியில் கட்டிய அவலும் வெல்லமும். குக்கர் மூடியையே தட்டாக்கி, பாதியை என் பக்கம் தள்ளினான். அந்த வெல்லத்தின் ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது. மொழி தெரியாத ஊர் என்று யாராவது உங்களை மிரட்டினால் எனக்கு அவன் ஞாபகம்தான் வருகிறது.

ஜன்னலை விடாதீர்கள். விஜயவாடாவில் கிருஷ்ணா, ராஜமுந்திரியில் கோதாவரி, ஒடிசாவில் கடல் மாதிரி விரிந்த சிலிகா ஏரி, கட்டக்கில் மகாநதி. ஃபராக்காவில் அணைக்கட்டின் மேலேயே ரயில் கங்கையைத் தாண்டும், இரண்டே கால் கிலோமீட்டர். அம்மா அங்கே செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாங்க. வண்டி அங்கே எத்தனை மணிக்குப் போகும் என்று முன்னாலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், தூங்கிவிட்டால் வருத்தமாக இருக்கும். டீக்காரர் குரலும் வழியில் மாறும். நம் பக்கம் "டீ, காபி", ஆந்திராவில் "சாய்", வங்காளத்தில் "சா". காபியை அதோடு மறந்துவிட வேண்டியதுதான்.

இன்னொன்று. அங்கே சூரியனுக்கு அவசரம். டிசம்பரில் சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும், ஜூனில் விடியற்காலை நாலரைக்கே பளிச்சென்று வெயில். தேயிலைத் தோட்டங்களில் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் முன்னால் வைத்துத்தான் வேலை நடக்கும். பேரன் சீக்கிரம் எழுந்துவிடுகிறான் என்று மருமகள் சொன்னால், பிள்ளை மேல் தப்பில்லை.

மிடில் பெர்த்காரர் பகலிலும் படுத்தே இருந்தால் என்ன செய்வது?
*– ஒரு வாசகர், ஓசூர்*

ராத்திரி 10 முதல் காலை 6 வரைதான் அது படுக்கை. மற்ற நேரம் மடக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் முதலில் உடம்பு சரியில்லையா என்று கேளுங்கள். சண்டை போட்டுவிட்டு அதே ஆளின் முகத்தை மூன்று நாள் பார்ப்பது கஷ்டம்.

கிருஷ்ணகிரியில் முன்பு ரயில் ஓடியதாகத் தாத்தா சொல்கிறார். உண்மையா?
*– ஒரு கல்லூரி மாணவன், கிருஷ்ணகிரி*

உண்மைதான் தம்பி. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-ல் குறும்பாதை ரயில் வந்தது, இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே இரண்டரை அடிதான். அடுத்த ஆண்டு மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ஒன்று. அதை 1913-ல் ஓசூர் வரை நீட்டினார்கள், உலகப்போர் சமயத்தில் 1941-ல் நிறுத்திவிட்டார்கள். தருமபுரிக்கும் ஓசூருக்கும் பிறகு வேறு பாதை வந்தது. கிருஷ்ணகிரிக்கு மட்டும் வரவே இல்லை. லீவு முடிந்து கிளம்பும் ஒவ்வொரு முறையும் ரயிலைப் பிடிக்கப் பெட்டியோடு பஸ்ஸில் ஜோலார்பேட்டை போனவன் நான், அதனால் அந்த வருத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். ஸ்டேஷன் எங்கே இருந்தது, அவர் அப்பா அதில் எங்கே போய்வந்தார் என்று தாத்தாவிடம் கேட்டு எழுதி எனக்கு அனுப்பு. அவர் சொல்லும் நிலையில் இருக்கும்போதே கேள்.