எண்டோஸ்கோபி நடுவே திரை பச்சை நீலமாக மாறுவது ஏன்?

அது என்பிஐ (Narrow Band Imaging), குறிப்பிட்ட சில நிற வெளிச்சத்தில் மட்டும் பார்க்கும் முறை. சாதாரண வெள்ளை வெளிச்சத்தில் குடல் சுவர் முழுக்க ஒரே இளஞ்சிவப்பு. தட்டையான புண் அதில் கலந்து மறைந்துவிடும். டாக்டர் கைப்பிடியில் ஒரு பொத்தானை அழுத்தினால் 415, 540 நானோமீட்டர் அளவில் நீலமும் பச்சையும் மட்டும் விழும். இரண்டையும் ரத்தத்தின் சிவப்பு நிறமியான ஹீமோகுளோபின் நன்றாக உறிஞ்சும். அதனால் மேலாக உள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் பழுப்பாகவும், ஆழத்தில் இருப்பவை நீலப்பச்சையாகவும் தெரியும். ஒழுங்கான கோடுகளுக்கு நடுவே சுருண்டு தடித்த பழுப்புத் திட்டு இருந்தால் அங்கேதான் சந்தேகம். பயாப்சிக்கு, அதாவது திசுவைச் சோதிக்க, கிள்ளி எடுப்பார்கள்.

சாயம் தெளிக்கும் பழைய முறையும் போய்விடவில்லை. உணவுக்குழாயில் லுகால் அயோடின் என்ற சாயம் பட்டால் நல்ல இடம் கரும்பழுப்பாகும், கெட்ட இடம் வெளிறி நிற்கும். மலிவுதான், ஆனால் நெஞ்சு எரியும்.

அப்புறம், பெருங்குடல் சுத்தமாக இல்லாவிட்டால் மிச்சமிருக்கும் பித்தநீர் என்பிஐயில் ரத்தம் போலச் சிவப்பாகத் தெரியும். முந்தின நாள் பேதி மருந்தில் அவ்வளவு கறாராக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.