தட்டில் உள்ள புரதமும் இதயத்தில் படிந்த புரதமும்

கேள்வி: என் தந்தைக்கு வயது 74. இதயத் தசையில் அமிலாய்டு என்ற புரத நார் படிந்திருக்கிறதாம். 'டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம் தவறாக மடிந்துவிட்டது' என்றார் மருத்துவர். அன்றிலிருந்து அவர் புரத உணவைத் தொடவே மறுக்கிறார். இது சரியா?

பதில்: சரியல்ல. சிறுநீரகப் பிரச்சினைக்காக மருத்துவர் அளவு சொல்லியிருந்தால் தவிர, இன்றே சாப்பிடச் சொல்லுங்கள். இந்த வயதில் புரதத்தை நிறுத்தினால் உடல் தசைதான் கரையும்.

உண்ணும் புரதம் குடலில் சிதைந்து, பெரும்பாலும் தனித்தனி அமினோ அமிலங்களாகவே இரத்தத்தில் சேர்கிறது. பழைய மடிப்பு அதற்குள் அழிந்துவிடும். பிரியான் நோய் (தவறாக மடிந்த புரதமே தொற்றிப் பரவும் நோய்) போன்ற மிக அரிய விதிவிலக்குகள் உண்டு. உங்கள் தந்தைக்கு வந்திருப்பது அது அல்ல.

மடிப்பு நடப்பது நம் செல்களுக்குள். அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்டதும், நீரோடு ஒட்டாதவை உள்ளே ஒடுங்குகின்றன, ஒட்டுபவை வெளியே நிற்கின்றன. சங்கிலி சுருண்டு தனக்குரிய வடிவத்தை அடைகிறது. எப்படி மடிய வேண்டும் என்பது அந்த வரிசையிலேயே அடங்கியிருக்கிறது. கிறிஸ்டியன் அன்ஃபின்சென் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர், 124 அமினோ அமிலங்கள் கொண்ட ரிபோநியூக்ளியேஸ் நொதியை யூரியாவும் இன்னொரு வேதிப்பொருளும் சேர்த்து முழுக்கக் குலைத்துப்போட்டார். அவற்றை நீக்கியதும் நொதி தானே மடிந்து மீண்டும் வேலை செய்தது! 1972-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. படித்த நாளிலிருந்து எனக்கு அந்த வியப்பு அடங்கவில்லை.

டிரான்ஸ்தைரெட்டின் பெரும்பாலும் கல்லீரலில் உருவாகிறது. நான்கு மூலக்கூறுகள் கைகோத்து, தைராய்டு ஹார்மோனையும் வைட்டமின் ஏ-யையும் சுமக்கின்றன. கூட்டு பிரிந்தால் தனியானவை மடிப்புக் குலைந்து, ஒன்றோடொன்று ஒட்டி நாராக இறுகுகின்றன. அந்த நார் படியப் படிய இதயம் விறைக்கிறது. முதுமை மட்டுமே காரணமாக இருக்கலாம், மரபணு மாற்றமாகவும் இருக்கலாம். ஆகவே மரபணுப் பரிசோதனை செய்தாயிற்றா என்று கேளுங்கள். மாற்றம் இருந்தால் பிள்ளைகளான நீங்களும் பரிசோதிக்க வேண்டியிருக்கும்.

டாஃபமிடிஸ் என்ற மாத்திரை அந்த நான்கையும் பிரியவிடாமல் பிடித்துவைக்கிறது. ஏற்கெனவே படிந்ததை அது அகற்றாது. நோயின் வேகத்தைத் தணிக்கும். அதனால் தாமதிக்க வேண்டாம்.

இன்னொன்று: சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு இரு கைவிரல்களும் மரத்துப்போனதுண்டா, மணிக்கட்டில் அறுவை நடந்ததா? இதே படிவு அங்கே நரம்பை அழுத்தியிருக்கக்கூடும். இருந்தால் இதய மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.