வாங்கும் முன் கேளுங்கள்: எஸ்டிமேட் சீட்டு பில் ஆகாது

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சின்னதாகக் கடை, தொழில் நடத்துகிறவர்களுடையவை. இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: மார்ச் முடிவதற்குள் ஒரு லட்சத்துக்கு மெஷின் ஏதாவது வாங்கிப் போட்டால் வரி குறையும் என்கிறார்கள். என்ன வாங்கலாம், அண்ணாச்சி?
இனிப்புக் கடை, திருநெல்வேலி டவுன்

பதில்: என்ன வேண்டும் என்றே தெரியாமல் ஒரு லட்சத்தைச் செலவழிக்கக் கிளம்பியிருக்கிறீர்கள். கணக்கைப் பாருங்கள். மெஷின் விலையில் வருஷத்துக்கு 15 சதவீதத்தைத்தான் தேய்மானம் என்று லாபத்திலிருந்து கழிக்க முடியும். மார்ச்சில் வாங்கினால் அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகவே ஓடியிருக்கும். அதனால் அதிலும் பாதிதான், 7,500 ரூபாய். 20 சதவீத வரி கட்டுகிறவருக்கு இதில் மிஞ்சுவது 1,500 ரூபாய். அதுவும் மார்ச் 31க்குள் மெஷின் கடையில் ஓடத் தொடங்கியிருந்தால்தான்.

விற்பனையில் 8 சதவீதம், பேங்க் வழியாக வந்த பணத்துக்கு 6 சதவீதம் லாபம் என்று மொத்தமாகக் காட்டுகிறவரா? அப்படியானால் எந்தச் செலவையும் தனியாகக் கழிக்கவே முடியாது. வருஷ வருமானம் 12 லட்சத்துக்குள் என்றால் 2025-26 முதல் புதிய வருமான வரி முறையில் கடை வருமானத்துக்கு வரியே இல்லை. இல்லாத வரியைக் குறைக்கவா ஒரு லட்சம்?

நானும் ஒரு மார்ச் கடைசி வாரத்தில், வரி குறையும் என்று பேசிப் பேசித் தலையில் கட்டிய கலர் பிரிண்டரை வாங்கினேன். இங்க் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. இரண்டு வருஷமாகத் துணி போர்த்திக் கிடக்கிறது. உங்களுக்கு அல்வா கிண்ட இன்னொரு மெஷின் உண்மையிலேயே வேண்டுமென்றால் ஆகஸ்டில் வாங்குங்கள். தீபாவளிக்கும் உதவும், முழுத் தேய்மானமும் கிடைக்கும்.

கேள்வி: சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுக்காகத் தேடி, முதலில் வந்த தளத்தில் 2,999 ரூபாய் கட்டிவிட்டேன். அது இலவசம் என்று இப்போதுதான் சொல்கிறார்கள். சர்டிபிகேட்டாவது செல்லுமா?
தையல் கடை, பேட்டை

பதில்: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, தங்கச்சி. அரசாங்கத் தளம் போலவே நிறமும் எழுத்தும் வைத்து நடத்துகிறார்கள், அவசரத்தில் யாருக்கும் தெரியாது. உத்யம் பதிவுக்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது. ஆதாரும் பான் எண்ணும் போதும். சர்டிபிகேட்டில் உள்ள எண்ணை அரசுத் தளத்தில் போட்டுப் பாருங்கள், முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிய வேண்டும். உங்கள் பெயரும் தொழிலும் சரியாக வந்தால் சர்டிபிகேட் செல்லும், மறுபடி எடுக்க வேண்டாம். எண்ணே போலி என்றால் உடனே 1930க்குக் கூப்பிட்டு சைபர் குற்றமாகப் புகார் செய்யுங்கள். எப்படியானாலும் பணம் போனதற்கான ரசீதை வைத்துக்கொண்டு நுகர்வோர் உதவி எண் 1915லும் சொல்லுங்கள். தொகை சின்னது என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் தெரு ஹோட்டல் பில்லில் மேலே 'கம்போசிஷன்' என்று அச்சடித்திருக்கிறது, கீழே 5 சதவீத ஜிஎஸ்டியும் போடுகிறார்கள். சரியா?
மேலப்பாளையம்

பதில்: தப்பு. கம்போசிஷன் என்பது சின்ன வியாபாரிகளுக்கான எளிய ஜிஎஸ்டி முறை. அதில் இருப்பவர் கைக்காசிலிருந்துதான் வரி கட்ட வேண்டும், உங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது.

கேள்வி: 68,000 ரூபாய்க்கு ஜெராக்ஸ் மெஷின் வாங்கினேன். பில் போட்டால் 18 சதவீதம் கூடும் என்றதால் எஸ்டிமேட் சீட்டோடு வந்துவிட்டேன். நாலே மாதத்தில் நின்றுவிட்டது. "எங்க கடையில வாங்கினதுக்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்கிறார் கடைக்காரர்.
பாளையங்கோட்டை

பதில்: இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை. நம் பக்கம் ஹார்டுவேர் கடை, எலெக்ட்ரிக்கல் கடை, டைல்ஸ் கடை என்று எங்கே போனாலும் கையில் ஒரு துண்டுச் சீட்டுதான். மேலே 'எஸ்டிமேட்' என்றிருக்கும். கடைப் பெயர் இருக்காது, ஜிஎஸ்டி எண் இருக்காது, கையெழுத்து இருக்காது. உங்களுக்குத்தான் லாபம் என்று சொல்லித் தருவார்கள்.

என்ன லாபம்? 12,240 ரூபாய் வரி மிச்சம் என்று நினைத்தீர்கள். அதற்காக வாரண்டியை விட்டீர்கள். மெஷினுக்கு வருஷா வருஷம் கழிக்கக்கூடிய தேய்மானத்தை விட்டீர்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ளவராக இருந்தால் அந்த 12,240ஐயே நீங்கள் கட்டவேண்டிய வரியில் கழித்திருக்கலாம். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் இன்னொரு அடி: ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், பில்லே இருந்தாலும் வருமான வரிக் கணக்கில் அதை ஏற்க மாட்டார்கள். 2023 டிசம்பர் வெள்ளம் ஜங்ஷன், வண்ணார்பேட்டைக் கடைகளுக்குள் புகுந்ததை நாம் பார்த்தோம். சரக்குக்கு இன்சூரன்ஸ் இருந்தாலும் சர்வேயர் கேட்பது கொள்முதல் பில்லைத்தான். எஸ்டிமேட் சீட்டை அவரிடம் நீட்டி என்ன பேசுவீர்கள்?

என் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை நானும் இப்படித்தான் வாங்கினேன். தெரிந்த கடைதானே என்று சீட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். ஏழு மாதத்தில் பேட்டரி செத்தது. தெரிந்த கடைக்காரருக்கு அன்றைக்கு என்னைத் தெரியவில்லை. அதற்கப்புறம் பில் கையில் வராமல் நான் பணம் நீட்டுவதில்லை. கடையில் நின்றபடியே பாருங்கள்: ஜிஎஸ்டி எண் 15 எழுத்து, தமிழ்நாடு என்றால் 33ல் தொடங்கும், ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் கடைப் பெயர் வரும். வழவழத் தாளில் வரும் பில் என்றால் அன்றே போட்டோ எடுங்கள், சில மாதத்தில் எழுத்து மங்கிவிடும்.

சரி, உங்கள் மெஷினுக்கு வருவோம். ஜிபேயில் கட்டியிருந்தால் பேங்க் ஸ்டேட்மெண்ட் அத்தாட்சி. வாட்ஸ்அப்பில் விலை பேசியது அத்தாட்சி. மெஷினின் சீரியல் நம்பரைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுத்து எந்த டீலருக்குப் போன மெஷின் என்று கேளுங்கள். பிறகு ஸ்பீடு போஸ்ட்டில் கடைக்கு ஒரு கடிதம். 'வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை' என்று சொல்லிப் பார்ப்பார்கள். அதற்கு மசியாதீர்கள். சொந்தப் பிழைப்புக்காக, தானே உட்கார்ந்து தொழில் செய்ய வாங்கியவரை 2019ஆம் ஆண்டுச் சட்டம் நுகர்வோராகவே வைத்திருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் செய்யலாம். ஐந்து லட்சம் வரையுள்ள பொருளுக்குக் கட்டணமும் இல்லை.

கேள்வி: வீட்டு ஃபிரிட்ஜ், பிள்ளை ஸ்கூல் ஃபீஸ் எல்லாவற்றையும் கடைச் செலவில் எழுதலாமா?
வள்ளியூர்

பதில்: கூடாது. வீட்டுக்கு ஒரு அக்கவுண்ட், கடைக்கு ஒரு அக்கவுண்ட் என்று இந்த வாரமே பிரியுங்கள்.

கேள்வி: ஜூலையில் முழு வரியும் கட்டிவிட்டேன். ஆனாலும் வட்டி போட்டிருக்கிறார்கள். கடைசித் தேதியைத் தாண்டவே இல்லையே?
வயரிங் கான்ட்ராக்டர், அம்பாசமுத்திரம்

பதில்: நீங்கள் சொல்லும் கடைசித் தேதி, கணக்குத் தாக்கல் செய்வதற்கானது. வரி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பிடித்தம் போக 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வரி வரும் என்றால் ஜூன் 15க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15க்குள் 45, டிசம்பர் 15க்குள் 75, மார்ச் 15க்குள் முழுவதும். தவறினால் மாதம் 1 சதவீத வட்டி. மேலே சொன்ன 8, 6 சதவீத முறையில் இருப்பவருக்கு மார்ச் 15 என்ற ஒரே தவணை போதும்.

ஒவ்வொரு வேலைக்கும் பணம் வந்த அன்றே, அதில் ஜிஎஸ்டி என்று வாங்கியதை முழுதாகவும், உங்கள் கூலியில் பத்தில் ஒரு பங்கையும் வேறு அக்கவுண்டுக்கு மாற்றிவிடுங்கள். ஜிஎஸ்டி என்று வாங்கியது உங்கள் பணமே இல்லை. அதில் கேபிள் சுருள் வாங்கிவிட்டு ஜிஎஸ்டி கட்டவேண்டிய இருபதாம் தேதி கைமாற்றுக்கு அலைகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கேள்வி: சென்னைக் கடை ஒன்றுக்குக் கல்யாணப் பாய் அனுப்பி ஐந்து மாதமாகிறது. 1,40,000 ரூபாய் பாக்கி. கேட்டால் "சரக்கு விற்கட்டும்" என்கிறார்கள். உத்யம் பதிவு இருக்கிறது. கோரை வாங்கக்கூடப் பணமில்லை.
பத்தமடை

பதில்: படித்ததும் மனசு கனத்துவிட்டது, அம்மா. பெண், மாப்பிள்ளை பெயரைப் பாயில் நெய்து கொடுத்தவருக்கு 'விற்கட்டும்' என்று பதில் சொல்வது அநியாயம். பெயர் போட்ட பாயை வேறு யாருக்கு விற்பார்கள்?

உங்களுக்குச் சட்டம் பக்கபலமாக இருக்கிறது. சரக்கு அனுப்பும்போதே உத்யம் பதிவு இருந்திருந்தால், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'பேங்க் ரேட்' என்ற வட்டி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. உங்களுக்குப் பணம் தராத வரை அந்தக் கொள்முதலை அவர்கள் வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்கவும் முடியாது. இதை அவர்கள் ஆடிட்டருக்குப் புரியும்படி, பில் நகலும் உத்யம் எண்ணும் வைத்து ஒரு கடிதம் போடுங்கள். பத்து நாளில் பதில் இல்லையென்றால் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய், தாமதப் பாக்கிக்கான மன்றத்தில் மனு போட வேண்டும் என்று சொல்லுங்கள், வழிகாட்டுவார்கள். பணம் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.