கம்ப்யூட்டர் உள்ள பழைய பெட்ரோல் காரில் இக்னிஷன் டைமிங்கை (பிளக் எந்த நேரத்தில் பொறி விட வேண்டும் என்ற கணக்கை) நாமே பார்த்துச் சரிசெய்ய முடியுமா?

பெரும்பாலும் முடியும், வண்டியில் டிஸ்ட்ரிப்யூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்து மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற பாகம்) இருந்தால். பானட்டைத் திறந்து பாருங்கள். வட்டமான ஒரு மூடியிலிருந்து தடித்த ஒயர்கள் ஒவ்வொரு பிளக்குக்கும் போனால் மேலே படியுங்கள். பிளக் தலையிலேயே காயில் (பொறிக்கு மின்சாரம் தருவது) உட்கார்ந்திருக்கிற வண்டி என்றால் அதில் திருப்புவதற்கு ஒன்றுமே கிடையாது.

"பழைய" என்று எழுதியிருப்பதால் உங்களிடமும் யாரோ "ஈசிஎம் போச்சு", அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர் போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள்.

நான் மெக்கானிக் இல்லை, பாலக்கோட்டில் தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறவன். "வீடியோ பார்த்துட்டு ஸ்பேனரைத் தூக்கிட்டான்" என்று கமெண்ட் போடத் துடிப்பவர்கள் முழுசாகப் படித்துவிட்டுப் போடுங்கள்.

வண்டி 1999 மாடல் ஹோண்டா சிட்டி. டைமிங் பெல்ட் (பிஸ்டனும் வால்வும் ஒத்து ஓட வைக்கிற பெல்ட்) மாற்ற ஓர் இடத்தில் விட்டேன். எந்த ஊர், யார் என்பது வேண்டாம், அவர் நல்ல மனுஷன்தான். வண்டியை எடுத்த மறுவாரம் சேலத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிறோம். தொப்பூர் கணவாய் ஏற்றத்தை எப்போதும் நாலாவது கியரில் ஏறுகிற வண்டி, அன்றைக்கு இரண்டாவதுக்கு இறக்கியும் திணறுகிறது. இரட்டைப் பாலம் தாண்டும்போது டெம்பரேச்சர் முள் பாதியைக் கடந்துவிட்டது. பிளாஸ்டிக் கிரேடு (பெட்டி) ஏற்றிய தக்காளி வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனது. "நம்ம மண்டி வண்டியா பாருங்க" என்றாள் வீட்டுக்காரி. அந்தக் கிண்டல் இன்னும் வலிக்கிறது.

மைலேஜும் குறைந்திருந்தது. பெல்ட் மாற்றியவரிடமே திரும்பக் கொண்டுபோனால் அவர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஐடில் சூப்பரா இருக்குதுணா, மைலேஜ் பெட்ரோல் கோளாறு" என்றார். இன்னொருவர் "ஈசிஎம் போச்சுங்ணா, 22 ஆயிரம் ஆகும்" என்றார். செக் இன்ஜின் லைட் எரியவே இல்லையே என்று கேட்டேன். "லைட்டும் போயிருக்கும்" என்றார்!

ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் என் மச்சான்தான் டைமிங் லைட் (பிளக் பொறி விடுகிற ஒவ்வொரு தடவையும் மின்னும் விளக்கு) கொண்டுவந்தான். (இவனைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மாசத்துக்கு ஒரு கல்யாணம் என்று வண்டியை வாங்கிப் போவான், ரிசர்வில் கொண்டுவந்து நிறுத்துவான். ஒருமுறை பின்சீட்டு முழுக்க சீர்வரிசைத் தட்டின் மஞ்சள். ஒரு வார்த்தை கேட்டால் என் வீட்டுக்காரி இரண்டு நாள் பேசமாட்டாள்.)

சாயங்காலம் இருட்டினதும் ஆரம்பித்தோம், வெளிச்சம் குறைந்தால்தான் கிராங்க் புல்லியில் (இன்ஜின் சுழல்தண்டின் முனையில் இருக்கும் சக்கரத்தில்) உள்ள கோடு, பக்கத்தில் அசையாமல் இருக்கும் முள்ளுக்கு எங்கே நிற்கிறது என்று பளிச்சென்று தெரியும். இன்ஜின் நன்றாகச் சூடாகி ரேடியேட்டர் ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்க வேண்டும். ஏசி, ஹெட்லைட் எல்லாம் ஆஃப். லைட்டின் கவ்வியை முதல் சிலிண்டர் பிளக் ஒயரில் மாட்டிப் புல்லியில் அடித்தால், சுற்றுகிற புல்லி அப்படியே நின்ற மாதிரி தெரியும். ஆனால் கோடு நிற்கவில்லை, முன்னும் பின்னும் ஆடியது. ஐடிலைப் பிடித்து வைக்க கம்ப்யூட்டர் நொடிக்கு நொடி டைமிங்கை மாற்றிக்கொண்டே இருப்பதால்தான் அந்த ஆட்டம். அந்த நிலையில் டிஸ்ட்ரிப்யூட்டரைத் திருப்பினால் எதை வைத்துத் திருப்பினோம் என்றே தெரியாது.

முதலில் கம்ப்யூட்டரைக் கையைக் கட்டி உட்காரச் சொல்ல வேண்டும். என் வண்டியில் டேஷ்போர்டுக்கு அடியில் இரண்டு ஒயர் வருகிற ஒரு சின்ன கனெக்டர் சும்மா தொங்கும். அந்த இரண்டையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தால் செக் லைட் எரியும், டைமிங் அடிப்படை அளவில் நிற்கும். அந்தக் காலத்து டொயோட்டாக்களில் பானட்டுக்குள் இருக்கும் டயக்னாஸ்டிக் பெட்டியில் டிஇ1, இ1 என்ற இரண்டு முனைகளை இணைப்பார்கள். உங்கள் வண்டிக்கு எது, எத்தனை டிகிரி என்பதை அதன் சர்வீஸ் மேனுவலில் மட்டும் பாருங்கள். குத்துமதிப்பாக எதையாவது இணைத்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

இணைத்ததும் கோடு ஆணி அடித்த மாதிரி நின்றது. முள்ளுக்கு நேராக நின்றது வெள்ளைக் கோடு! புல்லியில் வெள்ளை என்பது பிஸ்டன் உச்சிக்கு வரும் இடம், அதாவது பூஜ்யம். பெல்ட் மாட்ட அதுதான் அடையாளம். டைமிங்குக்கு அதிலிருந்து தள்ளி மூன்று கோடு சேர்ந்திருக்கும், நடுவில் சிவப்பு. பெல்ட்டுக்குப் பார்த்த கோட்டிலேயே அவர் டைமிங்கையும் வைத்துவிட்டார். கம்ப்யூட்டர் தன் கணக்கை இந்த அடிப்படையின் மேல்தான் கூட்டும். அதற்குத் தகவல் தரும் சென்சாரும் அந்த டிஸ்ட்ரிப்யூட்டருக்குள்ளேயே இருப்பதால் தப்பு நடந்திருப்பதே அதற்குத் தெரியாது. அப்புறம் லைட் எப்படி எரியும்? 3000 ஆர்பிஎம்மில் ஒரு டிகிரி என்பது நொடியைப் பதினெட்டாயிரம் கூறு போட்டதில் ஒரு கூறு. காதால் அதைப் பிடிக்க முடியுமா?

டிஸ்ட்ரிப்யூட்டரின் மூன்று போல்ட்டை லேசாகத் தளர்த்தி மயிரிழை திருப்பினாலே கோடு நகர்ந்துவிடும், ஏனென்றால் இங்கே ஒரு டிகிரி கிராங்கில் இரண்டு டிகிரி. சிவப்பில் நிறுத்தி முறுக்கினேன், முறுக்கும்போதே கொஞ்சம் நழுவியது. மறுபடி தளர்த்தி, மறுபடி பார்த்தேன். மூன்றாவது தடவையில் நின்றது. கடைசியில் அந்த ஒயரை எடுக்க மறக்காதீர்கள். அடுத்த ஞாயிறு தொப்பூரில் நாலாவது கியர்தான்.

இரண்டு எச்சரிக்கை. புல்லியின் நடுவில் ரப்பர் வளையம் இருந்தால், பழசானதும் வெளிவட்டம் வழுக்கிக் கோடே பொய் சொல்லும். முதல் பிளக்கைக் கழற்றி, பிஸ்டன் உண்மையிலேயே உச்சியில் நிற்கும்போது வெள்ளைக் கோடு முள்ளுக்கு நேராக வருகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெல்ட் ஒரு பல் தாண்டியிருந்தாலும் டைமிங் தப்பும். அதை டிஸ்ட்ரிப்யூட்டரைத் திருப்பி மறைத்துவிடலாம், ஆனால் வால்வு தப்பாகவே திறந்துகொண்டிருக்கும். தோளில் துண்டு போட்டுக்கொண்டு ஓடுகிற பெல்ட் பக்கம் குனியாதீர்கள், இதைத் தனி எச்சரிக்கையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

காயில் வைத்த புது வண்டிக்காரர்கள் ஸ்கேனரில் டைமிங் எத்தனை டிகிரி என்று பார்க்கலாம், அவ்வளவுதான். அது தப்பாக இருந்தால் செயின், கிராங்க் சென்சார், நாக் சென்சார் (இன்ஜின் தட்டலைக் கவனிப்பது) பக்கம் தேடுங்கள்.

உங்கள் மாடலும் வருஷமும் எழுதுங்கள், தெரிந்தால் சொல்கிறேன். டைமிங் லைட் கேட்டு யாரும் மெசேஜ் போட வேண்டாம். அது மச்சானிடம் இருக்கிறது, இந்த வாரம் வண்டியும் அங்கேதான்.