சிசேரியனுக்குப் பிந்தைய கர்ப்பம்: நஞ்சுக்கொடி குறித்த கேள்விகளும் பதில்களும்

கேள்வி: முதல் பிரசவம் சிசேரியன். இப்போது 7 வாரம். எந்தத் தொந்தரவும் இல்லை. மூன்றாம் மாதத்தில் ஸ்கேன் எடுத்தால் போதாதா?

பதில்: போதாது. கரு பழைய தையலிலேயே பதிந்திருக்கிறதா என்பது 6 முதல் 8 வாரத்துக்குள் பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் உள்வழி ஸ்கேனில்தான் தெளிவாகத் தெரியும். கருப்பை விரிந்தபின் அந்த அடையாளம் மறைந்துவிடும். சிசேரியன் ஆனதைச் சொல்லி ஸ்கேன் எடுங்கள்.

கேள்வி: 20ஆம் வார ஸ்கேனில் நஞ்சு (நஞ்சுக்கொடி) கீழே, கருப்பை வாய்ப் பக்கம் இருக்கிறதாம். தானாக மேலே ஏறிவிடுமா?

பதில்: எத்தனை சிசேரியன், நஞ்சு முன்சுவரிலா பின்சுவரிலா, கருப்பை வாயிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் என எதையுமே எழுதாமல் பதிலை மட்டும் கேட்டால் எப்படி? பொதுவாகப் பத்தில் ஒன்பது பேருக்கு ஏறிவிடும். தையல் உள்ளவர்களுக்கு அந்த வாய்ப்புக் குறைவு. நஞ்சு வாயை மூடியே இருந்தால், ஒரு சிசேரியன் ஆனவர்களில் பத்தில் ஒருவருக்கும், இரண்டு ஆனவர்களில் நால்வருக்கும், மூன்று ஆனவர்களில் அறுவருக்கும் அது கருப்பைத் தசைக்குள் ஊடுருவியிருக்கக்கூடும்.

நீங்கள் இணைத்திருந்த ஸ்கேன் சீட்டில் 'கர்ப்பம், 20 வாரம்' என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. பழைய டிஸ்சார்ஜ் சம்மரி பிறந்த வீட்டுப் பெட்டியில் கிடக்கும். எழுதிக்கொடுத்த மருத்துவரும் கேட்டிருக்க மாட்டார். தையல் இருப்பதே தெரியாத ஸ்கேன் மருத்துவர் குழந்தையின் இதயத்தையும் முதுகெலும்பையும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார். தெரிந்திருந்தால், நஞ்சுக்கும் தசைக்கும் நடுவே ஓடும் மெல்லிய கறுப்புக் கோடு அழிந்திருக்கிறதா, நஞ்சுக்குள் கறையான் அரித்ததுபோல ஒழுங்கற்ற குழிகள் உள்ளனவா, சிறுநீர்ப்பையின் வெள்ளை விளிம்பு அறுபட்டிருக்கிறதா என்று, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரோடு தேடியிருப்பார். சம்மரியை எடுத்துக்கொண்டு, சிறுநீர்ப்பை ஓரளவு நிரம்பிய நிலையில் மறுபடி செல்லுங்கள். நஞ்சு கீழேயே இருந்தால் 32ஆம் வாரத்திலும் பார்க்க வேண்டும்.

கேள்வி: எம்.ஆர்.ஐ. அவசியமா?

பதில்: எல்லோருக்கும் இல்லை. நஞ்சு பின்சுவரில் இருந்தாலோ, ஸ்கேனில் சந்தேகம் தீராவிட்டாலோ உதவும்.

கேள்வி: 30ஆம் வாரத்தில் வலியில்லாமல் ரத்தம் பட்டுத் தானாக நின்றுவிட்டது. அடுத்த செக்கப் வரை பொறுக்கலாமா?

பதில்: உடனே புறப்படுங்கள், வண்டி இல்லையென்றால் 108. வலியில்லாமல் வருவதே கீழிறங்கிய நஞ்சின் இயல்பு. நஞ்சின் இடம் உறுதியாகும்வரை விரல்விட்டுப் பரிசோதிப்பது ஆபத்து என்பதால், போனவுடன் சிசேரியன் ஆனதையும் நஞ்சு இருக்கும் இடத்தையும் சொல்லுங்கள். சம்மரி கையில் இருக்கட்டும்.

கேள்வி: நஞ்சு ஊடுருவியிருப்பது உறுதியாகிவிட்டது. பழகிய மருத்துவர் என்பதால் பக்கத்து நர்சிங் ஹோமிலேயே பிரசவம் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். ஒட்டிய நஞ்சைப் பிய்த்தெடுக்க முயன்றால் சில நிமிடங்களில் லிட்டர் கணக்கில் ரத்தம் போய்விடும். அதனால் பெரும்பாலும் நஞ்சை அப்படியே விட்டுக் கருப்பையோடு எடுக்கிறார்கள். ரத்த வங்கி, சிறுநீரக அறுவை மருத்துவர், தீவிர சிகிச்சை, பச்சிளங்குழந்தைப் பிரிவு அனைத்தும் ஒரே கட்டடத்தில் உள்ள பெரிய மருத்துவமனையில் இப்போதே பதிந்துகொண்டு, வலி வரும்வரை காத்திராமல் 34 முதல் 36 வாரத்துக்குள் நாள் குறித்துச் செய்துகொள்ளுங்கள்.